உள்ளே விடாத வீடு

அத்தியாயம் ஒன்பது

“என் கம்ப்யூட்டரைக் கொன்னவ மேல்மாடியில இருக்கா,” என்றாள் அந்தப் பெண், நாங்கள் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே.

“அப்போ முதல்ல சடலத்தைக் காட்டுங்க,” என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடு என்பதற்கும் சரியாகச் சொன்னாய் என்பதற்கும் அவரிடம் ஒரே பார்வைதான். இருபத்தெட்டு வருடத்தில் இரண்டையும் பிரித்தறிய நான் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளாததே வசதியாக இருந்தது.

அன்றைக்கு அது எங்களுக்கு நாலாவது வீடு. முந்தின நாள் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரு புது அப்டேட் வந்து இறங்கியிருந்தது. காலையிலிருந்து அவர் கைப்பேசி ஓயவில்லை. முதல் வீட்டில் ரூட்டருக்கு மின்சாரம் போகும் சுவிட்சின் மேல் பூனை படுத்திருந்தது. இரண்டாவது வீட்டில் வைஃபையை அணைக்கும் பொத்தானைத் தாங்களே அமுக்கிவிட்டு அப்டேட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வீட்டில் எந்தக் கோளாறும் இல்லை. தனியாக இருந்த ஒரு பெரியவருக்குப் பேச்சுத் துணை வேண்டியிருந்தது. அதிக நேரம் பிடித்தது அந்த வீடுதான்.

இருபத்தாறு வருடம் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கிய லைன்மேன் அவர். இனி ஏற முடியாது என்று முழங்கால் சொன்ன பிறகு, வீடு வீடாகப் போய் இணையத் தொல்லைகளைத் தீர்க்கிற வேலைக்கு வந்தார். நான் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தவள். நூலகத்தை மூடிவிட்டார்கள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க ஆரம்பித்தேன். என்னை “நூலகம்” என்றுதான் கூப்பிடுவார். அதுதான் என் பெயர் என்று நம்பிய வாடிக்கையாளர்கள் உண்டு.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். காது கேளாதவர்களுக்காகத் திரை வழியாகச் சைகை மொழியில் பேசுவது அவள் தொழில். மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புத் துணி கட்டியிருந்தாள், கைகள் தெளிவாகத் தெரிய. மேசையில் லேப்டாப் திறந்து கிடந்தது. ‘இந்த இணைப்பில் சேர முடியவில்லை’ என்று அது மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

“மூணு மணிக்கு ஒரு விசாரணை இருக்கு சார். கிடங்குல சரக்கு வண்டி ஓட்டுறவர். காது கேட்காது. ‘நிறுத்து’ன்னு கத்தினோம், வேணும்னே நிறுத்தாம சுவத்துல மோதினான்னு புகார். முதல் விசாரணையில சைகை தெரிஞ்சவங்க யாருமில்லை. அவங்க பேசினதுக்கெல்லாம் இவர் தலையாட்டியிருக்கார். தலையாட்டினதை ஒத்துக்கிட்டதா எழுதிட்டாங்க.”

“இன்னைக்கு?” என்று கேட்டார் அவர்.

“இன்னைக்குத்தான் கடைசி. நான் வரலைன்னா அந்தத் தாளை வச்சே முடிச்சிடுவாங்க. பதினாறு வருஷ வேலை போயிடும்.”

“நேர்ல போக முடியாதா?”

“ரயில்ல ஒரு ராத்திரி தூரம்.”

“கைப்பேசியில பேசலாமே,” என்றேன்.

“இந்தக் கம்ப்யூட்டரைத்தான் அவங்க பதிஞ்சு வச்சிருக்காங்க. வேற எதுலயும் அந்த விசாரணை திறக்காது. கைப்பேசி சிக்னலை இதுக்குக் கொடுக்கலாம்னா, இந்தக் கீழ்வீட்டுல அது ஒரு கோடுதான் வரும். கை அசையறது விட்டு விட்டுத் தெரியும். பாதி வார்த்தை காணாமப் போகும். ஏற்கெனவே அவர் பேச்சுல பாதியைக் காணாமப் பண்ணிட்டாங்க.”

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்காரும்போது இரண்டு முழங்காலும் தனித்தனியாகச் சத்தம் போட்டன.

“சரி. கொலைகாரியைப் பத்திச் சொல்லுங்க.”

“எங்க அக்கா. ரூட்டர் மேல, எங்கப்பா இருந்த பக்கம் இருக்கு. எட்டு மாசமா எங்களுக்குள்ள பேச்சில்லை.”

“ஏன்?”

“அது வேற கதை.”

“துப்பறியறவங்களுக்கு வேற கதைதாம்மா வேணும்,” என்றேன்.

மறுபடியும் அதே பார்வை. அந்தப் பெண் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்பா போனப்போ நான் இங்கதான் இருந்தேன். இந்த மேசையில, வேலையில. அக்கா மேலேயிருந்து கூப்பிட்டிருக்கா. நான் எழுந்து போகலை. போனப்போ முடிஞ்சிருந்துது. ‘அந்தக் கம்ப்யூட்டரை ஒரு நாள் உடைக்கிறேன் பாரு’ன்னா. நேத்து அப்டேட் வந்துதுல்ல, அதைச் சாக்கா வச்சு மேல ஏதோ பண்ணிட்டா.”

ஆள் இருக்கிறாள், காரணம் இருக்கிறது, கொலைக்கருவி அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இவ்வளவு சுளுவாக எதுவும் எங்களுக்கு அமைந்ததில்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர் வழக்கமான சடங்குகளை ஆரம்பித்தார். அணைத்துப் போட்டார். பழைய இணைப்பை மறக்கச் சொன்னார், மறந்தது. பாஸ்வேர்டைப் புதிதாக அடித்தார். அதையும் வாங்கிக்கொண்டு, யோசிப்பது போல் பாவனை செய்து, சேர முடியவில்லை என்றது. கம்பி செருகிப் பார்க்கலாம் என்றால், அந்த மெலிந்த லேப்டாப்பில் அதற்குத் துளையே கிடையாது.

“வீட்டுல வேற எதெல்லாம் வேலை செய்யுது?”

“என் கைப்பேசி செய்யுது. அந்த பிரிண்டர் செய்யுது.”

“அப்போ கதவு மூடிக் கிடக்கலை. ஆளைப் பார்த்துச் சாத்துது,” என்றார். தன் கைப்பேசியை எடுத்தார். “பாஸ்வேர்டைச் சொல்லுங்க. இதுல போட்டுப் பார்ப்போம்.”

அடித்தார். அவருடைய கைப்பேசியும் அதே வார்த்தைகளில் மறுத்தது. அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டு தடவை படித்தார்.

“நூலகம், இதுக்கு நேத்து அப்டேட் வந்துச்சா?”

“உங்க கைப்பேசிக்குக் கடைசியா அப்டேட் வந்தது நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி.”

“அப்போ அப்டேட் மட்டும் குற்றவாளி இல்லை.”

“நான்தான் சொன்னேனே,” என்றாள் அந்தப் பெண். “அவதான்.”

கடிகாரம் இரண்டைத் தொட்டது. நான் அவரை ஓரமாக அழைத்தேன்.

“ஏங்க, நம்ம வீட்டுக்கு பஸ்ல முக்கால் மணி நேரம். இப்பவே இவங்களையும் லேப்டாப்பையும் கூட்டிக்கிட்டுப் போனா மூணுக்குள்ள உட்கார வச்சிடலாம். நம்ம வீட்டு இணைப்பு நல்லா இருக்கு.”

“போகலாம்.”

“எப்போ?”

“மேல ஒரு தடவை பார்த்துட்டு.”

“பஸ் ரெண்டு பத்துக்கு.”

“தெரியும்,” என்று சொல்லிவிட்டு அவர் மாடிப்படியை நோக்கி நடந்தார். முகம் தெரியாத ஒரு ஆளின் பதினாறு வருடத்தை ஒரு யோசனையின் மேல் பணயம் வைக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

பத்தொன்பது படி. ஏழாவது படியில் அவர் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார். அவர் யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

“வாங்க, கொலைகாரி காத்துக்கிட்டிருப்பா,” என்றேன்.

சிரித்தார். ஏறினார். இப்போது எழுதும்போதுதான் அந்தப் படிகளை எண்ணுகிறேன்.

அக்கா கதவைத் திறந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. அன்று அவளுக்கு விடுமுறை. விடுமுறையிலும் ஒரு விரிப்பை மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள். எங்களை உள்ளே விடாமல், கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் நூலால் தொங்கிய நீள நோட்டைக் காட்டினாள். நோட்டோடு ஒரு பேனாவும் தொங்கியது.

“எழுதிட்டு வாங்க.”

நேரம், யார், எதற்காக, உள்ளே, வெளியே என்று ஐந்து கட்டங்கள். அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தது.

“இது என்னம்மா?”

“எங்கப்பா பழக்கம். ஆலை வாசல்ல முப்பத்தொரு வருஷம் காவல் இருந்தவர். ஓய்வு கொடுத்ததும் அவருக்கு வாசல் இல்லாம இருக்க முடியலை. எங்க அத்தை வந்தாலும் எழுதிட்டுத்தான் உள்ள வரணும்.”

“அத்தை எழுதினாங்களா?” என்றேன்.

“ரெண்டு வருஷம் வரலை. அப்புறம் எழுதினாங்க.”

“அப்பா போனதுக்கப்புறமும் நோட்டு ஓடுதே,” என்றார் அவர்.

“நிறுத்த மனசு வரலை.”

அவர் பேனாவை எடுத்து எழுதினார். ‘2.04. லைன்மேன், நூலகம். இணைப்பைப் பார்க்க.’ உள்ளே என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்தார். அவர் கையெழுத்து எப்போதும் வலப்பக்கம் சாய்ந்து, எங்கோ கிளம்பிக்கொண்டிருப்பது போல் இருக்கும்.

ரூட்டர் அப்பாவின் அறை வாசலுக்கு மேலே, நிலைச்சட்டத்தில் அறையப்பட்டிருந்தது. காவல் கூண்டில் விளக்கு வைப்பது போல. எல்லா விளக்கும் பச்சையாகவே எரிந்தன.

“இதை யாரும் தொட்டீங்களா?”

“நான் ஏன் தொடறேன்? தொட்டவ கீழ இருக்கா.” அக்கா விரிப்பை உதறினாள். “அவகிட்ட முதல்ல ஒண்ணு கேளுங்க. பாஸ்வேர்டுல என்ன தில்லுமுல்லு பண்ணினான்னு. நான் டிவி வாங்கி ஆறு மாசம் ஆச்சு. இன்னும் ஒரு படம் வரலை. கடைக்காரர் மூணு தடவை வந்து பார்த்துட்டு, டிவி நல்லாத்தான் இருக்கு, உங்க வீடுதான் சரியில்லைன்னுட்டுப் போயிட்டார்.”

மூலையில் ஒரு பெரிய டிவி, மேலே விரிப்பு போர்த்திக்கொண்டு நின்றது.

“ரெண்டு மாடியிலயும் கொலை. ரெண்டு மாடியிலயும் கொலைகாரி,” என்றேன். “இவ்வளவு நியாயமாப் பங்கு பிரிச்ச சண்டையை நான் பார்த்ததில்லை.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவர் சிரிக்கவில்லை. டிவியின் விரிப்பை ஒரு ஓரமாகத் தூக்கிப் பார்த்தார். “உங்க கைப்பேசி?”

“அது வேலை செய்யுது.”

“எப்போ வாங்கினது?”

“மூணு வருஷம் இருக்கும்.”

“கீழ இருக்கிற பிரிண்டர்?”

“அது அதுக்கும் முன்னாடி. அப்பாதான் தூக்கிட்டு வந்தார்.”

“டிவி ஆறு மாசம். என் கைப்பேசி இன்னைக்குத்தான் இந்த வீட்டுக்கு வந்துது.” விரல்களை மடக்கிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “அப்பா போய் எட்டு மாசம்தானே ஆச்சு?”

“ஆமா.”

“அதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள புதுசா வந்த ஏதாவது ஒண்ணு, ஒரே ஒண்ணு, இந்த ரூட்டரோட சேர்ந்திருக்கா?”

அக்கா யோசித்தாள். மடித்த விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள்.

“இல்லை,” என்றாள் கடைசியில். “எதுவும் சேரலை.”

வெளியே தெருமுனையில் பஸ் ஒலிப்பான் அடித்துவிட்டுப் போனது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

“பஸ் போச்சு,” என்றேன் மெதுவாக.

“போகட்டும்.”

“போகட்டுமா? கீழ ஒருத்தி கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா.”

“ஊசியால குத்திடுங்களேன்,” என்றாள் அக்கா. “பின்னால ஒரு ஓட்டை இருக்கு, குத்தினா எல்லாம் புதுசாயிடும்னு கடைக்காரர் சொன்னார். நான்தான் பயந்து விட்டுட்டேன்.” சொல்லிக்கொண்டே தலையிலிருந்து ஒரு ஊசியை உருவி நீட்டினாள்.

அவர் அந்த ஊசியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “குத்தினா கம்பெனிக்காரங்க இதுக்குள்ள போட்டு வச்சதும் சேர்ந்து அழிஞ்சிடும். அவங்க வந்து திரும்பப் போட ரெண்டு நாள் ஆகும். காவலாளியும் போயிடுவார், கதவும் திறக்காது.”

“எந்தக் காவலாளி?”

அவர் திரும்பி நடந்தார். வாசலுக்குப் போய், அந்த நோட்டைக் கையில் எடுத்து, பின்பக்கத்திலிருந்து புரட்டினார். கடைசித் தாளில் நின்றார்.

“நூலகம், என் கண்ணாடி வீட்டுல. நீ போட்டிருக்கே, படி.”

பட்டியல். அதே அளவுகோல் கோடுகள். ஒரு பக்கம் பெயர். எதிரே இரண்டிரண்டாகப் பிரித்த எண்களும் எழுத்துகளும், ஆறு ஜோடி. ஒன்று, என் கைப்பேசி. இரண்டு, பெரியவள் கைப்பேசி. மூன்று, சின்னவள் கைப்பேசி. அடுத்தடுத்து இன்னும் இரண்டு. கீழே அழுத்தி எழுதிய ஒரு வரி: ‘இதில் இல்லாதவருக்கு அனுமதி இல்லை.’ அதன் கீழ் கையெழுத்தும் தேதியும்.

“எல்லாச் சாதனத்துக்கும் பிறவியிலேயே ஒரு அடையாள எண் உண்டு,” என்றார் அவர். “இந்த எண்ணை மட்டும் உள்ள விடு, மத்ததை வாசலோட அனுப்புன்னு ரூட்டருக்குச் சொல்லி வைக்கலாம். பாஸ்வேர்ட் சரியா இருந்தாலும் விடாது. இதை யார் பண்ணிக் கொடுத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?”

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். “தெருவுல யாரோ நம்ம இணைப்பை எடுத்துக்கிறாங்கன்னு ஒரு தடவை பிரச்சினை ஆச்சு. கம்பெனிக்காரர் ஒருத்தர் வந்தார். அப்பா அவரை நாற்காலியில உட்கார வச்சு, சாயங்காலம் வரைக்கும் விடலை. என்னமோ ரெண்டு பேரும் எழுதிக்கிட்டே இருந்தாங்க.” பிறகு சொன்னாள்: “அந்த வாரம்தான் அவர் நல்லாத் தூங்கினார்.”

“கேஸ் முடிஞ்சுது,” என்றேன். “கொலைகாரி ஒருத்தருமில்லை. வாசல்ல அப்பா நிக்கிறார். புது டிவியை அவருக்குத் தெரியாது. இவர் கைப்பேசியையும் தெரியாது.”

“முடியலை,” என்றார் அவர். சோர்ந்த குரல். “நாலாவது வரியைப் படி.”

படித்தேன். ‘சின்னவள் கம்ப்யூட்டர்.’

அந்த லேப்டாப் பட்டியலில் இருந்தது. காவலாளிக்கு அதை நன்றாகத் தெரியும். நேற்று வரை அதற்குக் கதவைத் திறந்துவிட்டவர், இன்றைக்கு ஏன் வாசலோடு அனுப்புகிறார்?

மணி இரண்டு இருபத்தைந்து.

நான் கைப்பேசியை எடுத்தேன், அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு கீழே ஓட. அவர் என் கையை மெல்ல அழுத்தி இறக்கிவிட்டார்.

“இந்த நோட்டு கீழ வேணும்மா,” என்றார் அக்காவிடம்.

“அது இந்த வாசலைத் தாண்டாது. அப்பா நோட்டை நான் யார் கையிலயும் கொடுக்க மாட்டேன்.”

“என் கையில வேண்டாம். நீங்களே கொண்டு வாங்க.”

அவள் அசையவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. கம்பத்தின் உச்சியில் மழை விடக் காத்திருந்த பழக்கம் அவருக்கு. கொஞ்ச நேரம் கழித்து அவள் ஆணியிலிருந்து நூலை அவிழ்த்தாள். பேனா ஆடிக்கொண்டே கூட வந்தது.

கீழே தங்கை எழுந்து நின்றாள். அக்கா வாசற்படியிலேயே நின்றாள். நடுவில் நானும் அவரும், சமாதானம் பேச வந்தவர்கள் போல், பையும் கையுமாக.

“இப்போ இந்தக் கம்ப்யூட்டர் வாசல்ல போய் நின்னா என்ன எண்ணைக் காட்டுதுன்னு பார்க்கணும்,” என்றார் அவர். அமைப்புகளுக்குள் போய் ஒரு வரியைக் காட்டினார். “நீங்க இதைப் படிங்க. உங்க அக்கா நோட்டுல பார்க்கட்டும்.”

தங்கை திரையைப் பார்த்துச் சொன்னாள். “ஆறு, ஏ.”

“இல்லை,” என்றாள் அக்கா. எட்டு மாதத்தில் அவள் தங்கையிடம் சொன்ன முதல் வார்த்தை.

“ரெண்டு, எஃப்.”

“இல்லை.”

“ஒன்பது, ஒண்ணு.”

“இல்லவே இல்லை. ஒண்ணுகூடச் சேரலை.”

“உங்கப்பா அவசரத்துல தப்பா எழுதியிருப்பாரோ?” என்றேன்.

“அப்பா தப்பா எழுத மாட்டார்.” இரண்டு குரல் ஒரே நேரத்தில். சொல்லிவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள்.

“எழுத மாட்டார்தான்,” என்றார் அவர். லேப்டாப்பை மூடித் தலைகீழாகத் திருப்பினார். அடிப்பக்கத்தில் தேய்ந்துபோன ஒரு ஒட்டுச்சீட்டு. “இப்போ இதைப் படிங்க. தயாரிச்ச அன்னைக்கு ஒட்டினது.”

தங்கை மேசை விளக்கைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். “நாலு, எட்டு.”

“நாலு, எட்டு. சரி.”

“சி, ஏழு.”

“சரி.”

“மூணு, ஜீரோ.”

“சரி.”

அக்கா வாசற்படியிலிருந்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஓரடி உள்ளே வந்துகொண்டிருந்தாள். ஆறாவது ஜோடிக்கு மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

“நேத்து வந்த அப்டேட் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு. வெளியில போற இடத்துல யாரும் நம்மளை அடையாளம் வச்சுப் பின்தொடரக் கூடாதுன்னு, கம்ப்யூட்டருக்கு ஒரு முகமூடி மாட்டி விடுது. சொந்த எண்ணை மறைச்சு வேற எண்ணைக் காட்டும். எல்லா ஊர்லயும் அது சரிதான். இந்த வீட்டு வாசல்ல உங்கப்பா நிக்கிறார்னு அவங்களுக்குத் தெரியாது.” தங்கையைப் பார்த்தார். “ஆள் பழைய ஆள்தான், முகம் தெரியலை. அவர் வேலையை அவர் பார்த்திருக்கார்.”

அவர் லேப்டாப்பைத் திறந்து, இணைப்பின் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பொத்தானைத் தேடினார். ‘இந்த இணைப்பில் அடையாள எண்ணை மறைத்துக் காட்டு.’ அணைத்தார். பாஸ்வேர்டை அடித்தார். திரை யோசித்தது. நானும் மூச்சை விடாமல் யோசித்தேன்.

சேர்ந்துவிட்டது.

மணி இரண்டு நாற்பத்தேழு. மூன்று சொடுக்கு. இதற்காகவா ஒரு பஸ்ஸை விட்டோம் என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா நின்ற இடத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிப் போயிருந்தால், விசாரணை நடந்திருக்கும். அவள் மாடியிலேயே இருந்திருப்பாள்.

தங்கை தலைமுடியை இறுக்கிக் கட்டினாள். மோதிரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாள். விசாரணைக்கான இணைப்பைத் திறந்தாள். காத்திருக்கவும் என்றது.

“அன்னைக்கும் இப்படி ஒருத்தர் இருந்தாரா?” என்று கேட்டாள் அக்கா. “இதுல?”

தங்கை திரும்பவில்லை. “ஒரு அம்மா. ஆஸ்பத்திரியில இருந்தாங்க. பொண்ணுக்கு என்னன்னு டாக்டர் சொல்றதை நான்தான் அவங்களுக்குச் சொல்லணும். நான் எழுந்தா அவங்களுக்கு அந்த ரூம்ல யாருமே பேசாத மாதிரி ஆயிடும். பாதியில எழுந்திருக்க முடியலைக்கா.”

அக்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கறுப்புத் துணிக்கு வெளியே, கேமராவின் கண்ணில் படாத மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள்.

திரை விரிந்தது. நீள மேசை ஒன்று, மூன்று பேர், ஓரத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு மனிதர், கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு. தங்கையின் கை அசைந்ததும் அந்த மனிதரின் தோள்கள் இறங்கின. பல நாள் சுமந்ததை இறக்கி வைத்தவர் போல இருந்தது.

நடுவில் இருந்தவர் ஏதோ கேட்டார். தங்கையின் கைகள் அதைக் கொண்டுபோயின. அந்த மனிதரின் கைகள் பதில் சொல்லின, வேகமாக. பிறகு தங்கையின் வாயிலிருந்து அவர் பேசினார்.

“எனக்குக் கத்தினது கேட்கலை. அன்னைக்கு இந்த அறையிலயும் எதுவும் கேட்கலை. நீங்க பேசி முடிச்சீங்க, மரியாதைக்குத் தலையாட்டினேன். ஆமான்னு சொல்லலை.”

மேசையில் ஒருவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அவர் எழுந்து எனக்குக் கண்ணைக் காட்டினார். பையைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். அக்கா எங்களைப் பார்க்கவில்லை. தங்கையின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் அவர் நின்று, அந்த டிவிக்கு இன்னொரு நாள் வர வேண்டும் என்றார். அதைப் பட்டியலில் சேர்க்க அரைமணி நேரம் போதும் என்றார். தெருவில் இறங்கிய பிறகுதான் சட்டைப்பையில் அவளுடைய ஊசி இருப்பதைப் பார்த்தோம். அதையும் அப்போது கொடுத்துவிடலாம் என்றார்.

வர முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து அவருடைய கைப்பேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். அந்தத் தங்கை. பழைய தாளைத் தள்ளிவிட்டார்களாம். அந்த மனிதர் திங்கட்கிழமையிலிருந்து வண்டியில் ஏறிவிட்டாராம். சாரிடம் சொல்லுங்கள் என்றாள்.

“சொல்றேம்மா,” என்றேன். அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் வேறெதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின்னால் அக்காவின் குரல் ஏதோ சொன்னது. தங்கை கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கு வெளிய போனதை நோட்டுல எழுதாமப் போயிட்டீங்களாம். அந்தக் கட்டம் காலியா இருக்காம். எப்போ வந்து எழுதறீங்கன்னு அக்கா கேட்கிறா. இல்லைன்னா நேரத்தைச் சொல்லுங்க, அவளே எழுதிக்கிறாளாம்.”

மேசையில், மாலை போட்ட அவர் படத்துக்கு முன்னால், மூக்குக்கண்ணாடி மடித்து இருந்தது. பக்கத்தில் அந்த ஊசி.

“எழுத வேண்டாம்மா,” என்றேன். “அது அப்படியே இருக்கட்டும்னு சொல்லு.”